நீரிழிவும் சிறுநீரகமும்

ஒரு நோய்க்கு மக்கள் இட்ட பெயரே, அந்நோயைப் பற்றி அவர்கள் கண்டறிந்தது என்ன என்பதைச் சொல்லிவிடும். இழிதல் என்பதற்குக் கீழே இறங்குதல், வழிந்தோடுதல் என்று பொருள். ஓயாது நீர் இழியும் நோயை நீரிழிவு என்றனர் தமிழர். கிரேக்கர் இட்ட பெயராகிய டயாபெட்டிஸ் என்பதற்கும், ஊடே கடந்து செல்வது என்பதே பொருள். வடமொழி மருத்துவ நூல்கள் சிறுநீர் தேன்போல் இனித்தலை நோக்கி, மதுமேகம் என்றன. மலாய் மக்கள் கென்சிங் மானிஸ் என்கின்றனர். நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் இனிப்புநீர் என்பர். இப்பெயர்கள் யாவும் சிறுநீரைச் சுட்டியே எழுந்தவை.

ஆயினும், அச்சிறுநீரை ஆக்கித் தரும் உறுப்பை நம்மவர் நினைப்பதே இல்லை. நீரிழிவு என்றால் ஆறாத புண்ணையும், இழந்த காலையும், மங்கிய கண்ணையும் அஞ்சுகிறோம். சிறுநீரகத்தை அஞ்சுவோர் சிலரே. காரணம் ஒன்றே: கால் வலிக்கும், கண் மங்கும், சிறுநீரகமோ பாதிக்குமேல் கெட்ட பின்னரும் வாய் திறவாது. வலியை நம்பிக் காத்திருப்பவன், காலம் கடந்த பின்னரே விழித்துக் கொள்கிறான். இக்கட்டுரை சொல்ல வந்தது இதுவே.

தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இனிப்புநீர் அவருக்கு நெடுநாளாக இருந்தது. மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று யாரோ கூறக் கேட்டு, அவற்றைப் பாதியாகக் குறைத்துக் கொண்டார். சில ஆண்டுகள் கழித்துக் கால்கள் வீங்கின. வகுப்பில் நெடுநேரம் நின்ற பயன் என்று எண்ணினார். பின்னர் ஒரு புதுமை நேர்ந்தது. குருதியில் சர்க்கரை தானே குறையத் தொடங்கியது. நோய் நீங்கிற்று என்று மகிழ்ந்தார். உண்மை வேறு. இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு; அது செயலிழக்கும்போது இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கிவிடுகிறது; அதனால் சர்க்கரை இறங்குகிறது. அவர் நலம் என்று எண்ணியது, கேட்டின் இறுதி அடையாளம். இன்று அவர் வாரம் மும்முறை இயந்திரத்தின் அருகே படுத்திருக்கிறார்.

சல்லடையின் அமைப்பு

சிறுநீரகத்தை முற்காலத்தார் குண்டிக்காய் என்றனர். மலாயில் அது புவா பிங்காங், அதாவது இடுப்புப் பழம். காயென்றாலும் பழமென்றாலும், கைப்பிடி அளவே உள்ள அவ்வுறுப்பு செய்யும் பணி பெரிது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொரு வடிகட்டியின் தலைப்பிலும், மயிரினும் மெல்லிய குருதிக்குழாய்கள் நூற்கண்டுபோல் சுருண்டு கிடக்கின்றன. அக்கண்டினுள் குருதியைக் கொண்டுவர ஒரு குழாயும், வெளியே கொண்டுசெல்ல மற்றொரு குழாயும் உண்டு.

இவ்வடிகட்டிகள் யாவும் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் அளவு நீரை வடிக்கின்றன. அதில் 178 லிட்டருக்கு மேற்பட்ட நீரும், உடலுக்கு வேண்டிய உப்பும் சர்க்கரையும், வடிகட்டியை ஒட்டிய நெடுங்குழலின் வழியே மீண்டும் குருதிக்குத் திரும்புகின்றன. எஞ்சிய ஒன்றரை லிட்டரே கழிவைச் சுமந்து சிறுநீராக வெளியேறுகிறது. நல்ல சல்லடை மாவை விட்டுத் தவிட்டைப் பிடிப்பதுபோல, இச்சல்லடை நீரையும் கழிவையும் விட்டு, ஆல்புமின் என்னும் புரதத்தைத் தடுத்து நிறுத்துகிறது. ஆல்புமின் நழுவத் தொடங்கினால், சல்லடை பழுதுபட்டது என்று அறியலாம்.

கேடு தொடங்கும் வகை

நீரிழிவில் சிறுநீரகம் முதலில் சோர்வதில்லை. அளவுக்கு மீறி உழைக்கிறது. சர்க்கரை மிகுந்த குருதி வடிகட்டியில் இறங்கும்போது, நெடுங்குழல் அச்சர்க்கரையை மீட்க முயல்கிறது. அதனுடன் உப்பையும் சேர்த்து மீட்டுவிடுகிறது. குழலின் மறுமுனையில் உப்பின் அளவைக் காத்து நிற்கும் உயிரணுக்கள், உப்பு குறைந்தது கண்டு, வடித்தல் போதவில்லை என்று தவறாக எண்ணுகின்றன. உடனே குருதியைக் கொண்டுவரும் குழாய் விரிகிறது. ஆஞ்சியோடென்சின் என்னும் உடற்பொருளோ வெளியேறும் குழாயை இறுக்குகிறது. வரும் வழி அகன்று, போகும் வழி குறுகினால், இடையில் உள்ள நூற்கண்டில் அழுத்தம் ஏறுவது இயல்பு. ஆண்டுக்கணக்கில் இவ்வழுத்தம் தொடர, சல்லடை தடித்து, வடுப்பட்டு, ஓட்டையாகிறது. அவ்வாறு அழிந்த வடிகட்டிகளின் வேலையையும் எஞ்சியவை ஏற்கின்றன. அதனால் அவையும் விரைந்து தேய்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக ஊழியர் விலக, எஞ்சியோர்மேல் பணிச்சுமை ஏறும் அலுவலகம் போன்றது இது.

இவ்வடுக்களை உருப்பெருக்கியின் கீழ்க் கண்டு முதலில் விளக்கியவர்கள் கிம்மல்ஸ்டீல், வில்சன் என்னும் இருவர், ஆண்டு 1936. நீரிழிவாளர் பத்துப் பேரில் இருவர் முதல் நால்வர் வரை இக்கேட்டுக்கு ஆளாகின்றனர்.

நம் நாடுகளின் நிலை கவலைக்குரியது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு எடுத்த தேசிய உடல்நல ஆய்வில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கும், 2023ஆம் ஆண்டு ஆய்வில் 15.6 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு காணப்பட்டது. சிங்கப்பூர் அரசு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. இரு நாடுகளிலும் புதிதாக இரத்தச் சுத்திகரிப்பு நாடி வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகத்தை இழந்தவர்கள். இந்நாட்டு இனங்களை ஒப்பிடும்போது, நீரிழிவின் விழுக்காடு இந்தியரிடையே மிகுதி. ஆதலின், இது அயலார் வீட்டுச் செய்தியன்று.

கரண்டியும் மெழுகுவத்தியும்

வாய் திறவாத உறுப்பின் நிலையை எவ்வாறு அறிவது? இதற்கு விடை கண்ட வரலாறு படிக்கத்தக்கது. 1776இல் மாத்யூ டாப்சன் என்னும் ஆங்கில மருத்துவர், நீரிழிவாளரின் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சிய வெண்பொருள் சர்க்கரையே என்று காட்டினார். 1827இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்டு பிரைட், உடல் வீங்கியோரின் சிறுநீரில் புரதம் கலந்திருத்தலையும், அவர்கள் இறந்தபின் சிறுநீரகம் பழுதுற்றிருத்தலையும் இணைத்துக் காட்டினார். அன்று சோதனைக்கு வேண்டியவை ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவத்தியுமே. கரண்டியில் உள்ள சிறுநீரைச் சுடரின்மேல் காட்டினால், புரதம் முட்டையின் வெண்கருபோல் திரண்டு நிற்கும்.

ஆனால் கரண்டியில் திரளுமளவு புரதம் ஒழுகுகிறது என்றால், கேடு முற்றிவிட்டது என்பதே பொருள். அதற்கு முன்னரே மிக நுண்ணிய அளவில் ஒழுகும் ஆல்புமினை அளக்கும் முறையை, அதே மருத்துவமனையைச் சேர்ந்த ஹாரி கீனும் அவருடைய துணைவர் ஒருவரும் 1963இல் வெளியிட்டனர். அந்நுண்ணிய ஒழுக்கே பின்வரும் பெருங்கேட்டின் முன்னறிவிப்பு என்பது 1982இல் ஐயத்துக்கு இடமின்றிப் புலனாயிற்று. அதன்பின், நோயை அதன் தொடக்கத்திலேயே பிடிக்க வழி பிறந்தது.

ஆண்டுக்கு இரு சோதனைகள்

நீரிழிவாளர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரு சோதனைகள் செய்துகொள்ள வேண்டும். ஒன்று, சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். கிரியேட்டினின் ஒரு கிராமுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது இயல்பு. 30 முதல் 300 வரை தொடக்க நிலை. 300க்கு மேல் முற்றிய நிலை. நம் நாட்டு ஆய்வுக்கூடங்கள் சில வேறோர் அலகால் கணக்கிடும். அதில் 3 என்பதும் 30 என்பதும் ஏறத்தாழ இவற்றுக்கு இணையான எல்லைகள். மற்றொன்று, குருதியில் கிரியேட்டினினை அளந்து, அதிலிருந்து சிறுநீரகம் வடிக்கும் வேகத்தைக் கணித்தல். அவ்வேகம் நிமிடத்துக்கு 90 மில்லிலிட்டரும் அதற்கு மேலும் இருப்பது நலம். மூன்று மாதத்துக்கு மேலாக 60க்குக் கீழ் நிற்பது நோய். 15க்குக் கீழ் போவது சிறுநீரகத்தின் தோல்வி.

இரண்டும் வேண்டும்; ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வடிக்கும் வேகம் குறையாதிருக்கும்போதே ஆல்புமின் ஒழுகலாம். ஆல்புமின் ஒழுகாமலேயே வேகம் குறைதலும் உண்டு. நிறம் மாறும் சாதாரணச் சோதனைத்தாள் நுண்ணிய ஒழுக்கைக் காட்டாது. ஆதலின் 'தாளில் ஒன்றுமில்லை' என்பது நிறைவான விடையன்று. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றாலும் ஆல்புமின் சிறிது காலம் மிகலாம். எனவே ஒரு சோதனை கண்டு கலங்காது, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மீண்டும் பார்த்து, மூன்றில் இரண்டு மிகுந்திருந்தால் மட்டும் நோய் என உறுதி செய்வது மருத்துவ மரபு.

நடுவயதில் தோன்றும் வகை நீரிழிவுக்கு, நோய் அறிந்த நாளிலேயே இச்சோதனைகளைத் தொடங்க வேண்டும். ஏனெனில் அது நமக்குத் தெரியாமலே பல ஆண்டுகள் உடலில் குடியிருந்திருக்கக் கூடும். சிறுவயதில் தோன்றி இன்சுலினாலேயே வாழும் வகைக்கு, ஐந்தாண்டு கழித்துத் தொடங்கலாம்.

காக்கும் வழிகள்

முதல் வழி சர்க்கரையைக் கட்டுப்படுத்தல். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையை நெருங்கிக் கட்டுப்படுத்தியோருக்கு ஆல்புமின் நுண்ணளவில் ஒழுகத் தொடங்குவது 39 விழுக்காடும், பேரளவில் ஒழுகுவது 54 விழுக்காடும் குறைந்தன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி அளவு 7 விழுக்காட்டை ஒட்டி இருப்பது பலருக்கு ஏற்றது. முதியோருக்கும், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்குவோருக்கும் மருத்துவர் இவ்வளவைத் தளர்த்துவார்.

இரண்டாம் வழி இரத்த அழுத்தத்தைத் தணித்தல். பிரிட்டனில் 1998இல் வெளியான ஆய்வு, அழுத்தத்தை நன்கு தணித்த நீரிழிவாளருக்கு நுண்குழாய்களில் நேரும் கேடுகள் 37 விழுக்காடு குறைந்தன என்று காட்டியது. 130க்கு 80 என்னும் அளவுக்குக் கீழே கொண்டுவருவதைப் பல மருத்துவர் இலக்காகக் கொள்கின்றனர்.

மூன்றாம் வழி, சல்லடையின் அழுத்தத்தையே தணிக்கும் மருந்து. வெளியேறும் குழாயை இறுக்குவது ஆஞ்சியோடென்சின் என்று மேலே கண்டோம். அதன் செயலைத் தடுத்தால் குழாய் தளரும். கண்டின் அழுத்தம் குறையும். கேப்டோபிரில் என்னும் மருந்து இவ்வாறு சிறுநீரகத்தைக் காப்பது 1993இலும், லொசார்ட்டான், இர்பசார்ட்டான் ஆகியவை காப்பது 2001இலும் மெய்ப்பிக்கப்பட்டன. இவற்றைத் தொடங்கியதும் கிரியேட்டினின் சிறிது ஏறலாம். அது பெரும்பாலும் அழுத்தம் தணிந்ததன் அடையாளமே. ஆயினும் பொட்டாசியம் மிகாதிருக்கிறதா என்று சில வாரத்தில் குருதியைச் சோதித்தல் வேண்டும். கருவுற்ற மகளிர் இவற்றை உண்ணலாகாது.

ஆப்பிள் மரப்பட்டை தந்த மருந்து

நான்காம் வழியின் கதை புதுமையானது. 1835இல் வேதியியலார் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தனர். அதை உண்டால் சிறுநீரில் சர்க்கரை இறங்குவது அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தெரியவந்தது. நெடுங்குழல் சர்க்கரையை மீட்பதை அது தடுத்துவிடுகிறது என்பதே காரணம். நூறாண்டு கடந்தபின், அப்பொருளின் வழியில் ஆராய்ந்து இன்றைய மாத்திரைகளை ஆக்கினர். சர்க்கரையும் உப்பும் மீளாது குழலின் மறுமுனைக்குச் செல்வதால், அங்குக் காவல் நிற்கும் உயிரணுக்கள் தெளிவு பெறுகின்றன, விரிந்த குழாய் சுருங்குகிறது, அழுத்தம் தணிகிறது. முன்பு நோயின் அடையாளமாக இருந்த இனிப்புநீரே, இப்போது மருந்து வேலை செய்வதன் அடையாளமாயிற்று!

2019இல் வெளியான ஆய்வில், 4,401 நீரிழிவாளரிடம் கானாகிளிஃபுளோசின் என்னும் இவ்வகை மருந்து, சிறுநீரகத் தோல்வி முதலிய பெருங்கேடுகளை 30 விழுக்காடு குறைத்தது. டாப்பாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் ஆகியவையும் இவ்வகையின. 2020இல் ஃபினெரினோனும், 2024இல் ஊசிமருந்தாகிய செமாகுளுடைட்டும் சிறுநீரகத்துக்கு நன்மை தருவது அறியப்பட்டது. இவற்றுள் எது யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஆப்பிள் பட்டையின் வழிவந்த மருந்தை உண்போர், உணவின்றி இருக்கும்போதும், வாந்தி பேதியால் வாடும்போதும், அறுவை மருத்துவத்துக்கு முன்னும் அதை நிறுத்த வேண்டியிருக்கும். இல்லையேல் குருதியில் அமிலம் மிகுந்து உயிருக்கு ஊறு நேரலாம். தைப்பூசத்துக்கு நோன்பிருந்து காவடி எடுக்கும் அன்பர்கள், நோன்பு தொடங்குமுன் மருத்துவரைக் கண்டு கேட்பது கடமை.

உணவும் பழக்கமும்

உப்பு, நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும். அது ஒரு தேக்கரண்டி அளவே. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், பெலாச்சான் சம்பல், சோயாச் சாறு, உடனடி மீ ஆகியவை நம் வீட்டு மேசைமேல் அன்றாடம் இருப்பவை. உப்பு ஒளிந்திருப்பது இவற்றில்தான். டின் பால் ஊற்றிய தே தாரேக் நாளைக்கு மூன்று குவளை பருகிவிட்டு, சோற்றைக் குறைத்தேன் என்பதில் பொருளில்லை. சிறுநீரகம் பழுதுற்றோர், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்னும் அளவை ஒட்டி உண்ணலாம். இயந்திரச் சுத்திகரிப்பு தொடங்கியவருக்கோ புரதம் மிகுதியாக வேண்டும். புகைப்பதை அறவே விடுதல் நன்று.

பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழம் இந்நாட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. நலமுள்ளவர் உண்ணலாம். சிறுநீரகம் தளர்ந்தவர் உண்டாலோ, அதிலுள்ள நஞ்சு வெளியேற வழியின்றி மூளையைத் தாக்கும். ஓயாத விக்கல் அதன் முதல் அறிகுறி. மனக்குழப்பமும் வலிப்பும் தொடரலாம். உயிர் இழந்தவரும் உண்டு. இப்பழத்தை இனிப்புநீருக்கு நல்லது என்று பிறருக்குச் சொல்லுமுன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நீக்க வேண்டிய எண்ணங்கள்

என் நண்பரைக் கெடுத்தது அறியாமை என்று சொல்வதைவிட, அரைகுறை அறிவு என்பதே பொருந்தும். நீரிழிவு மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்னும் கூற்று உண்மையன்று. மிகப் பலர் உண்ணும் மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் வேறு காரணத்தால் தளர்ந்தபின், அம்மருந்து உடலில் தேங்காதிருக்கவே, வடிக்கும் வேகம் 45க்குக் கீழ் இறங்கும்போது அளவைக் குறைத்து, 30க்குக் கீழ் நிறுத்துகின்றனர். நிறுத்தியதைக் கண்டவர், மருந்தே காரணம் என்று முடிவு கட்டிவிட்டனர். குடை பிடித்ததால் மழை வந்தது என்பது போன்றது இவ்வாதம்.

மெய்யாகவே சிறுநீரகத்துக்கு ஊறு செய்வன வேறு. மூட்டு வலிக்கென்று கடையில் தாமே வாங்கி உண்ணும் ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் போன்ற வலிநீக்கிகள் அவற்றுள் தலையாயவை. உள்ளடக்கம் எழுதப்படாத பொடிகளும், விரைவில் வலி தீர்க்கும் என்று விற்கப்படும் ஜாமு வகைகளும் அஞ்சத்தக்கவை.

முற்றிய பின்

இத்தனையும் தவறி, சிறுநீரகம் தோற்றுவிட்டாலும் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. நெதர்லாந்து மருத்துவர் கோல்ஃப் 1943இல் ஆக்கிய செயற்கைச் சிறுநீரகத்தின் வழிவந்த இயந்திரங்கள் இன்று எண்ணற்றோரை வாழ்விக்கின்றன. வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அளவு என்பது பொதுவான ஏற்பாடு. வயிற்றுறையினுள் நீர்மத்தைச் செலுத்தி, வீட்டிலேயே சுத்திகரிக்கும் முறையும் உண்டு. இவற்றிலும் சிறந்தது, ஏற்ற உடல்நிலை உடையோருக்கு, மாற்றுச் சிறுநீரகம். 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இரட்டையருள் ஒருவர் மற்றவருக்கு ஈந்த சிறுநீரகத்தை மருத்துவர் ஜோசப் மர்ரே பொருத்தி வெற்றி கண்டார். சிங்கப்பூரில் 1970இலும், மலேசியாவில் 1975இலும் இப்பணி தொடங்கியது. ஆயினும் ஈவோர் தொகை, வேண்டுவோர் தொகையை எட்டவில்லை. ஆகவே, இருக்கும் சிறுநீரகத்தைக் காப்பதே அறிவுடைமை.

நாம் செய்யத்தக்கது

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் உணவின் அளவைப் பற்றியே மிகுதியாகப் பேசினார். இறுதியில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறினார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து உதவுபவனையும் ஓர் உறுப்பாக வைத்தார். அவ்வுதவியாளன் மருந்தை எடுத்துக் கொடுப்பவன் மட்டுமல்லன்; உரிய காலத்தில் உரிய கேள்வியைக் கேட்பவனும் அவனே.

தமிழாசிரியர்களுக்கு இவ்வேலை எளிது. பெற்றோர் கூட்டத்திலும், கோவில் மண்டபத்திலும், உறவினர் திருமணத்திலும் மக்கள் அவர்கள் சொல்லுக்குச் செவி சாய்ப்பர். இனிப்புநீர் உள்ளவரைக் கண்டால், 'சர்க்கரை எவ்வளவு?' என்று கேட்பதோடு நில்லாது, 'சிறுநீரில் ஆல்புமின் பார்த்தீர்களா? சிறுநீரகம் வடிக்கும் வேகம் எவ்வளவு? இரத்த அழுத்தம் எவ்வளவு?' என்னும் மூன்றையும் கேளுங்கள். விடை தெரியாதவரை, மலேசியாவாயின் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கும், சிங்கப்பூராயின் பலதுறை மருந்தகத்துக்கும் அனுப்பி வையுங்கள். ஒரு சிறு குப்பிச் சிறுநீரும், ஊசிமுனையில் எடுத்த சிறிது குருதியும் போதும்.

என் நண்பரிடம் அக்கேள்வியை நான் கேட்டிருக்கலாம். இருபது ஆண்டு அவருடன் தேநீர் அருந்தினேன்; சிலேடைக்குப் பொருள் கேட்டேன்; புணர்ச்சி விதி கேட்டேன்; இதைக் கேட்கத் தெரிந்திருக்கவில்லை. இதைப் படிப்போருக்கு இனி அக்குறை வேண்டாம்.